மெல்ரோஸ் இடிபாடுகளுக்குப் போகிறீர்களா? சுவரில் உள்ள ஓட்டைகளைப் பாருங்கள்

இடிந்த மடாலயத்துக்குள் நுழைந்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, கால்மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூரை கிடையாது, தரையெல்லாம் புல், பாதி சுவர் நிற்கிறது, மீதி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. எது எங்கே இருந்தது என்று தெரியாவிட்டால் எல்லாம் வெறும் கல்தான். கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அதே இடத்தில் இரண்டு மணி நேரம் போவது தெரியாது. அந்தக் கொஞ்சத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தின் தெற்கே, இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பகுதியில் நான்கு பெரிய கிறிஸ்தவ மடாலயங்களின் இடிபாடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: மெல்ரோஸ், டிரைபரோ, ஜெட்பரோ, கெல்சோ. நான்குமே 12ஆம் நூற்றாண்டில், முதலாம் டேவிட் அரசரின் காலத்தில் இந்த இடங்களில் எழுந்தவை. எடின்பரோவில் தங்கியிருக்கிறீர்கள், கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான்கையும் தொட்டுவிட்டு ஓடி வராதீர்கள். மெல்ரோஸும் டிரைபரோவும் மட்டும் போங்கள், இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். மெல்ரோஸில் கோயில் நிற்கிறது, துறவிகள் சாப்பிட்ட, தூங்கிய, கூடிப் பேசிய அறைகளெல்லாம் அடித்தளத்தோடு சரி. டிரைபரோவில் கோயிலின் பெரும்பகுதி போய்விட்டது, ஆனால் அந்த அறைகள் இன்னும் நிற்கின்றன. ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கிறது. இரண்டையும் மனத்தில் ஒட்டவைத்தால் ஒரு முழு மடாலயம் கிடைக்கும்.

எடின்பரோ வேவர்லி நிலையத்தில் ட்வீட்பேங்க் போகும் ரயிலில் ஏறுங்கள், சுமார் ஒரு மணி நேரப் பயணம். 1969இல் மூடிய இந்தப் பாதையின் ஒரு பகுதியை 2015இல்தான் மறுபடி திறந்தார்கள், அதனால் பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் ரயிலே இல்லை என்று போட்டிருக்கும், அதை நம்ப வேண்டாம். ட்வீட்பேங்க்தான் கடைசி நிறுத்தம். அங்கிருந்து மெல்ரோஸ் இரண்டு மைல். பஸ் இருக்கிறது, ஆனால் மழை இல்லையென்றால் ட்வீட் ஆற்றை ஒட்டிய பாதையில் நடந்தே போங்கள் என்பேன், முக்கால் மணி நேரம் ஆகும். நடந்து போவதில் ஒரு லாபம் உண்டு: துறவிகள் ஏன் இந்த இடத்தைப் பிடித்தார்கள் என்பது கண்ணாலேயே புரிந்துவிடும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஈல்டன் குன்றுகள் மூன்று, நடுவில் நல்ல சமவெளி. தண்ணீர், ஆடு மேய்க்கப் புல், கட்டடத்துக்குக் கல், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

காலணி விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். நான் முதல் தடவை நவம்பரில் துணிக் காலணியோடு போனேன். மடாலயத்தின் தரையே புல்தரைதான், பத்து நிமிடத்தில் காலுறை வரைக்கும் நனைந்துவிட்டது, பிறகு குளிரில் எதிலும் மனம் நிற்கவில்லை. தண்ணீர் புகாத காலணி, தலையை மூடும் மழைச்சட்டை, இந்த இரண்டும் போதும். குடையை விட்டுவிட்டுப் போங்கள், இந்த ஊர் மழை பக்கவாட்டில் வரும், காற்று குடையைத் திருப்பிவிடும். முடிந்தால் ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்ரோஸின் நல்ல சிற்பங்கள் பலவும் தலைக்கு மேலே ரொம்ப உயரத்தில் இருக்கின்றன. செல்போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள், எடுக்கும்போதே அன்றைக்கு எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இடங்களைப் பராமரிப்பது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பு. உயரத்திலுள்ள கற்கள் அரித்துத் தளர்ந்திருக்கின்றனவா என்று அவர்கள் பரிசோதிக்கும் காலங்களில் சில பகுதிகளைக் கம்பி போட்டு மூடிவிடுவார்கள். அப்படி மூடியிருந்தாலும் போகலாமா என்று கேட்டால், போகலாம் என்றுதான் சொல்வேன். மெல்ரோஸின் அழகில் பெரும்பகுதி வெளிச்சுவரில் இருக்கிறது.

நுழையும் முன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1136இல் இங்கிலாந்தின் ரீவோ மடாலயத்திலிருந்து சிஸ்டர்சியன் சபைத் துறவிகளை டேவிட் அரசர் வரவழைத்தார். ஸ்காட்லாந்தில் அந்தச் சபையின் முதல் மடம் இதுதான். எளிமைதான் அவர்களுடைய விரதம், ஆனால் ஆடு வளர்த்துக் கம்பளி விற்றதில் பெரும் செல்வம் சேர்ந்தது. எல்லைப்புறம் என்பதால் போர் வந்தபோதெல்லாம் முதல் அடி இங்கேதான் விழுந்தது. 1385இல் இரண்டாம் ரிச்சர்டின் ஆங்கிலப் படை எரித்தது, நாம் இன்று பார்ப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுப்பியது. 1540களில் மறுபடி தாக்குதல். 1560இல் ஸ்காட்லாந்து சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையின் பக்கம் போனதும் மடாலய வாழ்க்கையே ஓய்ந்தது, புதிதாகத் துறவிகள் சேரவில்லை, இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியைச் சுவரே சொல்லும்.

உள்ளே போனதும் கோயிலுக்குள் பாயாதீர்கள். முதலில் தெற்குப் பக்கமாக வெளியே ஒரு சுற்று போங்கள். வெயில் விழுவது அந்தப் பக்கம்தான், செந்நிற மணற்கல் வெயிலில் ரோஜா நிறத்துக்கு மாறும். கூரை விளிம்பில் தேடினால் ஒரு பன்றி தெரியும், கையில் பேக்பைப் என்ற காற்றுப்பை வாத்தியம் வைத்து ஊதிக்கொண்டிருக்கும். எல்லாரும் இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பார்த்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடாமல் சுவர் முழுக்க மெதுவாகக் கண்ணை ஓட்டுங்கள்: அகப்பை பிடித்த சமையல்காரர் இருக்கிறார், சுத்தியல் பிடித்த கல்தச்சர் இருக்கிறார், மாதாவும் குழந்தையும் இருக்கிறார்கள், குழந்தைக்குத் தலை போய்விட்டது. அந்தக் கல்தச்சர் உருவத்தை ஒவ்வொரு தடவையும் தேடிப் பார்ப்பேன். தன் தொழில்காரனைத் தானே செதுக்கி மேலே வைத்திருக்கிறார் ஒருவர், கீழேயிருந்து சரியாகக்கூடத் தெரியாது என்று தெரிந்தும்.

சன்னல்களைப் பார்க்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். கிழக்குச் சன்னலில் கல் கம்பிகள் நேராக, மெலிதாக, செங்குத்தாக மேலே ஏறுகின்றன. சிலுவை வடிவக் கோயிலின் தெற்குக் கையிலுள்ள பெரிய சன்னலில் அதே கல் வளைந்து நெளிந்து தீக்கொழுந்து மாதிரி ஓடுகிறது. முதலாவது ஆங்கிலப் பாணி, இரண்டாவதில் பிரெஞ்சு வாடை. எரித்தவர்களின் நாட்டுப் பாணியில் தொடங்கிய கட்டடம் பாதியில் ஃபிரான்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்தத் திருப்பத்துக்குப் பெயரும் உண்டு. அதே தெற்குக் கையில், உள்பக்கச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: ஜான் மோரோ என்பவர், தான் பாரிஸில் பிறந்தவர் என்றும், செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, மெல்ரோஸ், பெய்ஸ்லி என்று பல ஊர்களின் கட்டட வேலை தன் பொறுப்பில் இருந்தது என்றும் சொல்லிக்கொள்கிறார். இடைக்காலக் கட்டடக்காரர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இவர் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, இப்போது உள்ளே. மேற்கு முனையில் நின்று கிழக்கே பாருங்கள், சிலுவையின் அடிக்கட்டையில் நிற்கிறீர்கள். அந்த முனையில் கட்டடம் கடைசிவரை முடியவே இல்லை, அதனால் சுவரைத் தேடிக் குழம்ப வேண்டாம். கிழக்கே நடந்தால் ஓரிடத்தில் தலைக்கு மேல் கனமான, அழகில்லாத கல் வளைவுக் கூரை ஒன்று வரும், பக்கத்தில் பழைய மெல்லிய தூண்களை மொத்தச் சுவர் விழுங்கியிருக்கும். ஒட்டாத இடத்தில் ஒட்டுப் போட்டது மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். அது 1610 வாக்கில் இடிபாட்டுக்குள்ளேயே ஊர்க்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கோயில், 1810 வரை அங்கேதான் வழிபாடு நடந்தது. பலர் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு இது பிடிக்கும். கூரை போன இடத்தில் மழைக்கு ஒதுங்கிச் சாமி கும்பிட்டவர்கள் இருநூறு வருடம் இருந்திருக்கிறார்கள்.

இனி தலைப்பில் சொன்ன ஓட்டைகளுக்கு வருகிறேன். எந்த இடிபாட்டிலும் மூன்றே மூன்று அடையாளம் தேடுங்கள், இந்த மூன்றும் கைவந்துவிட்டால் எந்த நாட்டு இடிபாட்டையும் வாசிக்கலாம். சுவரில் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் சதுர ஓட்டைகள் வரிசையாக இருந்தால் அங்கே மர உத்தரம் செருகியிருந்தது, அதாவது அந்த மட்டத்தில் ஒரு மாடித் தளமோ தாழ்வாரக் கூரையோ இருந்தது. சுவரிலிருந்து கைப்பிடி மாதிரி கல் துருத்திக்கொண்டிருந்தால் அது எதையோ தாங்கிக்கொண்டிருந்தது, மேலே கண்ணை ஓட்டி எதைத் தாங்கியது என்று யோசியுங்கள். மூன்றாவது, பெரிய சுவரின் முகத்தில் கூம்பு வடிவில் சாய்வாக ஓடும் கல் விளிம்பு. பழைய காயத்தின் தழும்பு மாதிரி தெரியும். ஒரு கட்டடத்தின் சாய்கூரை அந்தச் சுவரில் வந்து ஒட்டியிருந்தது, கட்டடம் போய்விட்டது, கூரை ஒட்டிய கோடு மட்டும் நிற்கிறது. இந்தத் தழும்பைக் கண்டுபிடித்தவுடன் காற்றில் ஒரு முழு அறை எழுந்து நிற்கும் பாருங்கள், அந்த நொடிக்காகத்தான் நான் இந்த இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன்.

மெல்ரோஸில் இதைப் பழகிப் பார்க்க நல்ல இடம் சிலுவையின் வடக்குக் கை. சுவரில் மனிதர் எட்டாத உயரத்தில் ஒரு வாசல் இருக்கிறது, கீழே படி இல்லை. ஏன் அந்தரத்தில் வாசல்? அதற்குப் பின்னால் மேல்தளத்தில் துறவிகளின் படுக்கைக்கூடம் இருந்தது. நடு இரவு கழிந்து மணி அடித்ததும் எழுந்து, அந்த வாசல் வழியாகப் படியிறங்கி நேரே கோயிலுக்குள் வந்து ஜெபம் சொல்லத் தொடங்குவார்கள், ஜனவரி மாதக் குளிரிலும்தான். கொஞ்ச நேரம் அந்த வாசலுக்குக் கீழே நின்றுவிட்டுப் போங்கள்.

வடக்கே வெளியேறினால் சதுரப் புல்வெளி. நம் பழைய வீட்டு முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் திறந்த வெளி, நாலு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்திலிருந்து அறைகளுக்கு வழி. மடாலயங்களில் இந்த முற்றம் வழக்கமாகக் கோயிலுக்குத் தெற்கே, வெயில் படும் பக்கம் இருக்கும். மெல்ரோஸில் வடக்கே இருக்கிறது, ஏனென்றால் ஆறு அந்தப் பக்கம். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து, சமையலறைக்கும் கழிப்பறைக்கும் கல் பாவிய சாக்கடை கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெரிய சாக்கடையைத் தவறவிடாதீர்கள். வெளிச்சத்துக்காகக் கோயிலையே உயர்த்தியவர்கள், தண்ணீருக்காக வெயிலை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

கிழக்குப் பக்கம் தாழ்வான சுவர்க் கோடுகளுக்கு நடுவில் இதயமும் சாய்சிலுவையும் செதுக்கிய வட்டக்கல் ஒன்று புல்லில் பதிந்திருக்கும். ஸ்காட்லாந்தின் சுதந்திரத்துக்குப் போராடிய ராபர்ட் புரூஸ் அரசரின் இதயம் இங்கே இருக்கிறது என்று நம்புகிறார்கள். அவர் 1329இல் இறந்தார். தன் இதயத்தைச் சிலுவைப் போருக்குக் கொண்டுபோகச் சொன்னார். அவருடைய தளபதி ஜேம்ஸ் டக்ளஸ் அதைச் சுமந்துகொண்டு போய் 1330இல் ஸ்பெயினில் டெபா என்ற இடத்தில் போரில் விழுந்தார், இதயம் திரும்பி வந்தது. புரூஸின் உடல் டன்ஃபர்ம்லின் மடாலயத்தில். 1921இல் இங்கே தோண்டியபோது ஓர் ஈயப்பேழை கிடைத்தது, 1996இல் மறுபடி எடுத்துச் சோதித்துவிட்டு 1998இல் திரும்பப் புதைத்தார்கள். உள்ளே இருப்பது புரூஸின் இதயம்தானா என்று நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் அந்தக் கல்லின் பக்கம் யாரும் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சுவர்மேல் ஏறாதீர்கள், குழந்தைகளையும் ஏற்றாதீர்கள், தாழ்வான சுவர்தானே என்று தோன்றும், ஆனால் அந்தக் கல்லைப் பிடித்திருக்கும் சாந்து வெயிலிலும் உறைபனியிலும் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறது. மணற்கல் சிற்பத்தை விரலால் தடவ வேண்டாம், மாவு மாதிரி உதிரும். நினைவுக்கு ஒரு துண்டு கல் என்று எடுக்க வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் உலோகம் கண்டறியும் கருவியை அனுமதியில்லாமல் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சுற்றியிருக்கும் கல்லறைகளில் மண்டையோடும் குறுக்கெலும்பும் செதுக்கியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சாவை மறவாதே என்று சொல்ல அந்தக் காலத்தில் அப்படித்தான் செதுக்கினார்கள்.

மதியம் மெல்ரோஸ் கடைவீதியில் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு டிரைபரோவுக்குக் கிளம்புங்கள். கார் இருந்தால் கொஞ்ச நேரம்தான். இல்லாவிட்டால் நியூடவுன் செயின்ட் பாஸ்வெல்ஸ் வரை பஸ், அங்கிருந்து ஆற்றுப்பக்கம் இறங்கி நடந்து, ட்வீட் மேல் உள்ள நடைபாலத்தைத் தாண்டினால் டிரைபரோ. செயின்ட் கத்பர்ட் நெடும்பாதையின் அடையாளப் பலகைகள் பாலம் வரை கூடவே வரும், அந்தப் பாதை மெல்ரோஸில் தொடங்கி 62 மைல் தாண்டி லிண்டிஸ்ஃபார்ன் தீவில் முடிகிறது. கடைசி பஸ் எப்போது என்பதைக் கிளம்பும்போதே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், மாலையில் பஸ் குறைவு.

டிரைபரோ ஆற்று வளைவுக்குள், பெரிய மரங்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது. 1150இல் ஹியூ டி மோர்வில் என்ற பிரபு நிறுவியது, பிரமான்ஸ்ட்ராடென்சியன் என்ற வேறொரு சபையினருக்காக. வாசல் பக்கம் ஒரு யூ மரம், மடத்தைவிட வயதானது என்று ஊரில் சொல்வார்கள். இங்கே நேராக முற்றத்துக்குப் போங்கள். கிழக்குப் பக்க அறைகள் சரிவில் படிப்படியாகக் கீழிறங்கும். அதில் துறவிகள் கூடிப் பேசிய சபைக்கூடம் முழுக் கூரையோடு அப்படியே இருக்கிறது: பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி கல்வளைவு, சுவரோரம் கல் பெஞ்சு, சுவரில் அங்கங்கே பழைய வண்ணப்பூச்சின் மிச்சம். மெல்ரோஸில் புல்லில் கோடாக மட்டும் பார்த்தீர்களே, அந்த அறை இதுதான். பெஞ்சில் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் ஆகும், அதற்குப் பிறகுதான் வண்ணம் தெரியத் தொடங்கும், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது தெரியாது. யாரும் இல்லையென்றால் மெல்ல ஒரு வரி பாடிப் பாருங்கள், குரலை அந்தக் கல் எப்படி வாங்கித் திருப்பித் தருகிறது என்று கேட்கலாம்.

சாப்பாட்டுக்கூடத்தில் மேற்குச் சுவர் மட்டும் நிற்கிறது, அதில் பூ வடிவ வட்டச் சன்னல். மாலை வெயில் அதன் வழியாக வரும் நேரம் பார்த்து நின்றால் நல்ல படம் கிடைக்கும். கோயிலின் வடக்குக் கையில் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் கல்லறை, 1832இல் இறந்தவர். பக்கத்திலேயே முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் தளபதி ஹெய்க், 1928இல் புதைத்தார்கள், அவர் கீழ் இறந்த சிப்பாய்களுக்கு வைத்த அதே மாதிரி எளிய கல்தான் அவருக்கும்.

இன்னொரு நாள் கிடைத்தால் ஜெட்பரோ போங்கள். அங்கே கோயிலின் சுவர்கள் கிட்டத்தட்ட முழு உயரத்துக்கு நிற்கின்றன, கூரை மட்டும்தான் இல்லை, தூண்மேல் வளைவு, வளைவுமேல் வளைவு என்று மூன்று அடுக்கு எப்படி ஏறுகிறது என்று அங்கேதான் தெளிவாகத் தெரியும். கெல்சோவில் மிச்சம் கொஞ்சம்தான், கட்டணம் இல்லை, வழியில் வந்தால் பாருங்கள்.

எந்த மாதம் போகலாம் என்று கேட்டால், மே அல்லது செப்டம்பர். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் கேட்டை அதற்கு வெகு முன்பே மூடிவிடுவார்கள். டிசம்பரில் மதியம் மூன்றரை, நாலு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். குளிர்காலத்தில்தான் போக முடியும் என்றால் வரிசையை மாற்றாதீர்கள், காலை முதல் ரயிலைப் பிடித்து, தாழ்ந்த வெயில் தெற்குச் சுவரில் பக்கவாட்டாக விழும் நேரத்தில் மெல்ரோஸில் இருங்கள். அந்த வெளிச்சத்தில் கல்லில் உளி போன தடம்கூட ஒவ்வொன்றாகத் தெரியும்.